நெருப்பில்லாத புகை: ராணுவப் புகைக் குண்டுகளின் கதை

1632 ஏப்ரல் மாதம், ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர்க் காலம். ஜெர்மனியின் பவேரியாவில் லெஹ் ஆற்றின் ஒரு கரையில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் படை நிற்கிறது. மறுகரையில் கத்தோலிக்க அணியின் தளபதி டில்லி, எழுபது வயதைத் தாண்டியவர், பீரங்கிகளோடு காத்திருக்கிறார். ஆற்றைக் கடக்கப் பாலம் போட வேண்டும். பாலம் போடுகிற தச்சனோ பீரங்கிக்கு நேர் எதிரே நின்று ஆணி அடிக்க வேண்டும். மன்னர் வைக்கோலைக் குவித்துக் கொளுத்தச் சொன்னார், அதுவும் ஈர வைக்கோலை. கரையெங்கும் புகை மண்டியது. அதன் மறைவில் பாலம் எழுந்தது, படை கடந்தது. அந்தச் சண்டையில் காலில் குண்டடி பட்ட டில்லி, அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார்.

ஈர வைக்கோல் ஏன் என்று விறகடுப்பில் சமைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காய்ந்த விறகு பிடித்துக்கொண்டால் தழல் எழும், புகையும் சூட்டோடு நேரே கூரைக்குப் போய்விடும். ஈர விறகுதான் எரியாமல் புகைந்து, அந்தப் புகையைத் தரையோடு தவழவிட்டு, வீட்டிலுள்ள எல்லார் கண்ணையும் கசக்க வைக்கும். சுவீடன்காரர்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1701இல் ரீகா நகரத்துப் பக்கம் டௌகாவா ஆற்றைக் கடக்கும்போது பன்னிரண்டாம் சார்லஸ் மன்னரும் ஈர வைக்கோல் புகையின் மறைவில்தான் படகுகளை விட்டார்.

நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். போர்க்களத்தில் மறைப்புக்காகப் புகை தேடியவர்களின் தொல்லையும் அதுதான். அவர்களுக்கு வேண்டியது புகை மட்டும். கூடவே வருகிற நெருப்பு புகையை மேலே தூக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் கீழே இருப்பவர்களைச் சுடும். நெருப்பிலிருந்து புகையைப் பிரித்தெடுக்கும் முயற்சி நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தும் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களில் பலர் சண்டையோடு சம்பந்தமே இல்லாதவர்கள்.

பழைய போர்களில் புகைக்குப் பஞ்சமில்லை. கரிமருந்து வெடித்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடத்துகளாகவே எஞ்சும், அதுதான் அந்த வெள்ளைப் புகை. நான்கு தடவை சுட்டால் தன் முன்னால் நிற்பவன் நண்பனா எதிரியா என்றே சிப்பாய்க்குத் தெரியாது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில் அது பிரெஞ்சுப் படையின் லெபெல் துப்பாக்கிக்குள் போனது. 1899இல் தென்னாப்பிரிக்காவின் கொலென்சோவில் போயர்கள் (அங்கே குடியேறிய டச்சு வழிவந்தவர்கள்) சுட்டபோது, சுடுவது எங்கிருந்து என்றே பிரிட்டிஷ் படைக்குப் புரியவில்லை. களம் தெளிந்துவிட்டது. ஆனால் தெளிந்த களத்தில் நிமிர்ந்து நடப்பவனைச் சுடுவதும் எளிது, அதற்கு இயந்திரத் துப்பாக்கியும் வந்துவிட்டது. ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்த புகையை முப்பது ஆண்டுக்குள் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

வாங்கிய இடம் தீப்பெட்டித் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீக்குச்சி முனையில் இருந்தது வெண் பாஸ்பரஸ். அதைத் தொட்டு வேலை செய்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்தது. 1906இல் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்தது, இந்தியாவிலும் 1913இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் இன்று நாம் உரசுவது சிவப்பு பாஸ்பரஸ். அது அதே தனிமம்தான், அணுக்கள் கோத்திருக்கும் விதம் வேறு. வெண் பாஸ்பரஸ் முப்பது டிகிரிச் சூட்டைத் தாண்டியதுமே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும். சிவப்போ இருநூறு டிகிரிக்கு மேல் போனால்தான் எரியும். தீக்குச்சிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட வெள்ளைக்கு அடுத்த சில ஆண்டுகளில் பீரங்கிக்காரர்கள் வாடிக்கையாளர்களானார்கள். பாஸ்பரஸ் தயாரித்துவந்த இங்கிலாந்தின் ஆல்பிரைட் அண்ட் வில்சன் நிறுவனமும் போருக்கு உற்பத்தி செய்தது.

1915 செப்டம்பர் 25 அன்று பிரான்ஸில் நடந்த லூஸ் சண்டையில் பிரிட்டிஷ் படை முதன்முறையாக நச்சு வாயுவைப் பயன்படுத்தியது. நாற்பது நிமிடம் தொடர்ந்து குளோரின் விட வேண்டும் என்பது திட்டம். அவ்வளவு நேரத்துக்கு சிலிண்டர்கள் போதவில்லை. அதனால் கொஞ்ச நேரம் வாயு, கொஞ்ச நேரம் வெறும் புகைமெழுகுவர்த்தி என்று மாற்றி மாற்றி விட்டார்கள். எதிரிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்ற கணக்கு. இட்டு நிரப்பச் செய்த இந்த ஏற்பாடு, பின்னால் ஒரு தளபதியின் கையில் கூர்மையான தந்திரமாக மாறியது.

அவர் ஜான் மோனாஷ். தொழிலால் கட்டடப் பொறியாளர், ஆஸ்திரேலியப் படைப்பிரிவின் தளபதி. 1918 ஜூலை 4, பிரான்ஸின் ஹமெல் கிராமம். அதற்கு முந்தைய நாட்களில் விடியும் முன் அதே நேரத்தில் வாயுக் குண்டுகளையும் புகைக் குண்டுகளையும் கலந்து வீசச் சொன்னார். புகையைப் பார்த்தால் முகமூடியைப் போடு என்பது ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பழகிப்போனது. தாக்குதல் நாளன்று வந்தது வெறும் புகை. வாயு இருந்தால் சொந்தப் படையே அதற்குள் நடக்க முடியாதல்லவா? ஜெர்மன்காரர்கள் வழக்கம்போல முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். அதை அணிந்துகொண்டு சரியாகப் பார்க்கவும் முடியாது, மூச்சுவிடவும் முடியாது. ஆஸ்திரேலியர்கள் முகமூடி இல்லாமல் வந்தார்கள். நடக்கும் படைக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போன அன்றைய குண்டுமழையில் பத்தில் ஆறு பங்கு சிதறுகுண்டு, மூன்று பங்கு வெடிகுண்டு, ஒரு பங்கு புகை. தொண்ணூறு நிமிடத்தில் முடிக்கத் திட்டமிட்ட சண்டை 93 நிமிடத்தில் முடிந்தது. புகைக் குண்டு யாரையும் கொல்லாமல், எதிரியின் பழக்கத்தையே அவன் முகத்தில் கட்டிவிட்ட இந்த நாளைத்தான் அந்த ஆயுதத்தின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ரசாயன முன்னேற்றங்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பிரிட்டனின் பட்டாசுக் குடும்பமான பிராக் குடும்பத்தில் பிறந்த பிராங்க் பிராக், கடற்படைக்காகப் புதுவகைப் புகைத்திரையை உருவாக்கித் தந்திருந்தார். அதன் மறைவில் கப்பல்கள் கரையை நெருங்கின. கடைசி நிமிடங்களில் காற்று திரும்பியது. புகை கலைந்தது, ‘விண்டிக்டிவ்’ கப்பல் ஜெர்மன் பீரங்கிகளுக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பிராக் அன்றே கொல்லப்பட்டார்.

புகை எப்படி மறைக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். புகைக் குண்டின் புகை பெரும்பாலும் கரித்தூள் அல்ல, நுண்ணிய திரவத் துளிகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 0.4 முதல் 0.7 வரை. துளியின் அளவும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தால் ஒளி நன்றாகச் சிதறும், பின்னால் இருப்பது தெரியாது. பாஸ்பரஸ் எரிந்தால் பாஸ்பரஸ் பென்டாக்சைடு வரும். அது கடும் தாகம் பிடித்த பொருள். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பாஸ்பாரிக் அமிலத் துளியாகிவிடும். 31 கிராம் பாஸ்பரஸ் ஆக்சிஜனையும் நீரையும் சேர்த்துக்கொண்டு 98 கிராம் அமிலமாகிறது. அந்த அமிலமும் மேலும் நீரை இழுத்துப் பெருக்கும். குண்டு சுமந்துபோன எடையைவிடப் பல மடங்கு எடையைக் களத்துக் காற்றே இலவசமாகத் தருகிறது. பீரங்கிக்காரனுக்கு வேறு எந்தப் பொருளும் இவ்வளவு லாபம் தராது. எடைக்கு எடை வெண் பாஸ்பரஸை மிஞ்சிய புகை இல்லை என்று சொல்வது இதனால்தான். காற்று உலர்ந்திருக்கும் பாலைவனத்தில் இதே புகை மெலிந்துவிடுவதற்கும் காரணம் இதுவே.

புகை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தரைக்கும் வானுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் தீர்மானிக்கிறது. போகி அன்று விடிகாலை சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவில் தரை குளிர்ந்து, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலக் கவிந்திருக்கும்போது பழைய பாய் எரிந்த புகை எங்கும் போக வழியில்லாமல் பனியோடு கலந்து தெருவிலேயே கிடக்கும். 2018இல் போகியன்று விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. வெயில் ஏறியதும் தரை சுட்டு, காற்று மேலெழும்பி, எல்லாம் கலைந்துவிடும். பீரங்கிப் படைகள் விடியல் நேரத்தைப் புகைக்கு விரும்புவதும் இதே காரணத்தால்தான். காற்று மிக மெதுவாக வீசினால் புகை பரவாது, வேகமாக வீசினால் கிழிந்துபோகும். அதனால் மறைக்க வேண்டிய இடத்தின் மேலேயே குண்டைப் போடுவதில்லை. காற்று வரும் திசையில் தள்ளிப் போட்டு, புகை தானாக வந்து சேரும்படி செய்கிறார்கள்.

எங்கே போடுவது என்பதில் இன்னொரு பிரிவும் உண்டு. நமக்கும் எதிரிக்கும் நடுவே திரைபோல விரிப்பது ஒன்று. எதிரியின் பார்வையாளன் உட்கார்ந்திருக்கும் குன்றின் மேலேயே போட்டு அவன் கண்ணைக் கட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் சொந்த ஆளுக்குப் பாதிப்பு குறைவு, எதிரிக்கு அதிகம். எதிரியின் தலைமேல் எரியும் பொருளைப் போடுவதும் அதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வெண் பாஸ்பரஸ் குண்டின் அமைப்பு எளிது. உலோகக் கூட்டுக்குள் பாஸ்பரஸ், நடுவே கூட்டை உடைக்கும் அளவுக்குக் கொஞ்சம் வெடிமருந்து. தரையில் மோதியதும் கூடு பிளந்து துண்டுகள் சிதறும், கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளை மேகம் எழும். எழுவதுதான் சிக்கல். எரியும் பாஸ்பரஸின் சூடு மேகத்தைத் தூண்போல உயர்த்திவிடும். கீழே திரை வேண்டிய இடத்தில் தூண்களும் தூண்களுக்கு நடுவே இடைவெளியும்தான் மிஞ்சும். 155 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய குண்டே ஆனாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் உருப்படியாக நிற்காது. காய்ந்த விறகின் கதை இங்கேயும் தொடர்கிறது.

இன்னொரு தொல்லை யாரும் எளிதில் ஊகிக்க முடியாதது. வெண் பாஸ்பரஸ் 44 டிகிரியில் உருகும். வெயிலில் கிடந்த குண்டுக்குள் அது திரவமாகும், இரவில் திரும்பக் கட்டியாகும். குண்டைப் படுக்க வைத்திருந்தால் ஒரு பக்கமாகக் கட்டியாகி, எடை ஒருபுறம் சாய்ந்துவிடும். பீரங்கிக் குண்டு சுழன்றுகொண்டே பறக்க வேண்டியது, எடை சாய்ந்தால் தள்ளாடி வேறெங்காவது போய் விழும். இதற்காகவே வெண் பாஸ்பரஸ் குண்டுகளைக் கிடங்கில் நிமிர்த்தி நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். உருகினாலும் அடியில் சமமாகக் கட்டியாகட்டும் என்று.

நெருப்பைக் குறைக்க வேறு வழி தேடியவர்கள் முதலில் பிரெஞ்சுக்காரர்கள். முதல் உலகப் போரில் வந்த பெர்ஜே கலவையில் துத்தநாகத் தூளும் கார்பன் டெட்ராகுளோரைடும் வினைபுரிந்து துத்தநாக குளோரைடு புகையாக வரும். அதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துளியாகும் ரகம். கார்பன் டெட்ராகுளோரைடு திரவம், ஒழுகும், ஆவியாகும். பிற்பாடு அதன் இடத்தில் ஹெக்ஸாகுளோரோஈத்தேன் என்ற திடப்பொருளை வைத்தார்கள். ராணுவங்கள் அதை எச்.சி. என்றே சுருக்கி அழைத்தன. இந்தக் கலவை கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள் கனன்று நிதானமாகப் புகைவிடும். பாஸ்பரஸைவிடச் சூடு குறைவாகையால் புகை தரையோடு படரும். ஈர வைக்கோலுக்கு வேதியியல் கொடுத்த பதில் என்றே சொல்லலாம்.

நிதானமாகப் புகையும் பொருளைச் சிதறடித்தால் அதன் குணமே கெட்டுவிடும். ஆகவே குண்டின் வேலை முறையே மாறியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் உழைப்பாளியான 25 பவுண்டர் பீரங்கியின் புகைக் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று டப்பாக்கள், டிபன் கேரியர்போல. முனையிலிருக்கும் நேர ஃபியூஸ் குறித்த நொடியில் வானிலேயே சிறு மருந்தைக் கொளுத்தும். அது டப்பாக்களுக்குத் தீ வைத்து, அவற்றைக் குண்டின் அடிமூடியைப் பெயர்த்துக்கொண்டு பின்பக்கமாகத் தள்ளும். குண்டு முன்னால் பாயும் வேகத்துக்கு எதிர்த்திசையில் தள்ளுவதால் டப்பாவின் வேகம் குறையும். அது தரையில் விழுந்து கிடந்து புகையும். 155 மில்லிமீட்டர் ரகத்தில் சுமார் நான்கு நிமிடம் புகை நிற்கும். ஆனால் அது திரண்டு மறைப்பாவதற்கே ஒரு நிமிடம் ஆகும். அதனால் அனுபவப்பட்ட பீரங்கிக்காரர்கள் முதல் சுற்றுக்கு வெண் பாஸ்பரஸ், அதன் பிறகு எச்.சி. என்று போட்டார்கள். ஒன்று உடனே மறைக்கும், மற்றது மறைவைத் தாங்கிப் பிடிக்கும்.

நெருப்பு குறைந்தது, நஞ்சு ஏறியது. திறந்த வெளியில் எச்.சி. புகை இருமலோடு போய்விடும். மூடிய இடத்தில் துத்தநாக குளோரைடு நுரையீரலை வேக வைத்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு சுரங்கப் பாதையில் இந்தப் புகைக் கருவிகள் பற்றிக்கொண்டதில் 70 பேர் சிக்கினார்கள், 10 பேர் இறந்தார்கள். 1945இல் மருத்துவ இதழில் பதிவான இந்த நிகழ்வுக்குப் பிறகும் பயிற்சிக் கூடங்களில் இத்தகைய சாவுகள் நின்றபாடில்லை. பல படைகள் இப்போது எச்.சி.யை விட்டுவிட்டன. பயிற்சிக்கு டெரிப்தாலிக் அமிலம் போன்ற சாதுவான கலவைகள் வந்திருக்கின்றன. அவற்றின் புகையும் சாதுதான், மெலிந்தது.

உண்மையிலேயே நெருப்பில்லாத புகைக்குக் கிட்டத்தட்ட வந்தவர்கள் இருவர். நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூரும் அவருடைய உதவியாளர் வின்சென்ட் ஷேஃபரும். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கி, குளிர்ந்த காற்றில் பீய்ச்சினார்கள். ஆவி குளிர்ந்து சரியான அளவுத் துளிகளாக மாறியது. 1942 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி பள்ளத்தாக்கை மூட்டமாக நிரப்பிக் காட்டினார்கள். எதுவும் எரிந்து புகையாவதில்லை. ஆவியான எண்ணெய் மறுபடி துளியாகிறது, அவ்வளவே. 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடக்க நேச நாட்டுப் படைகள் திரண்டபோது நாட்கணக்கில் கரையை மூடியிருந்தது இத்தகைய கருவிகளின் மூட்டம்தான். ஆனால் இது வண்டியில் வைத்து இழுத்துச் செல்லும் இயந்திரம். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றின் மேல் இதை வீச முடியாது. துளிகளோடு பழகிய ஷேஃபர் 1946இல் விமானத்திலிருந்து உலர் பனிக்கட்டியைத் தூவி மேகத்தில் பனி பொழிய வைத்தார். செயற்கை மழை ஆராய்ச்சியின் தொடக்கம் அது, புகைத்திரையிலிருந்து கிளைத்தது.

குண்டுக்குத் திரும்புவோம். வெண் பாஸ்பரஸின் உடனடி மறைப்பு வேண்டும், எச்.சி.யின் ஆயுள் வேண்டும் என்று அமெரிக்கர்கள் ஆசைப்பட்டதன் விளைவு, 1980களில் வந்த 155 மில்லிமீட்டர் எம்825 குண்டு. இதற்குள் பாஸ்பரஸ் ஊறிய 116 கம்பளித் துண்டுகள், ஒவ்வொன்றும் கால் வட்டப் பணியாரம்போல. வானில் குண்டின் அடியைப் பெயர்த்துக் கூடு வெளிவரும், அது உடைந்து துண்டுகள் எரிந்துகொண்டே பரவலாக விழும். ஊறியிருப்பதால் மெதுவாக எரியும். ஒரு தூணுக்குப் பதில் 116 சிறு புகைச்சல்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் திரை நிற்கும். திரவம் குண்டுக்குள் தளும்பும் தொல்லையும் குறைந்தது. பொறியாளர் கண்ணால் பார்த்தால் அழகான தீர்வு.

கீழே நிற்பவர் கண்ணால் பார்த்தால் வானத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் பரந்து 116 தீக்கட்டிகள் விழுகின்றன. தோலில் ஒட்டினால், ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை எரியும். தண்ணீர் ஊற்றினால் அணையும், காய்ந்தால் மறுபடி பிடிக்கும். 2008 டிசம்பர் முதல் 2009 ஜனவரி வரை காஸாவில் இஸ்ரேல் இந்தக் குண்டுகளை மக்கள் நெருக்கடியான பகுதிகளின் மேல் வெடிக்க வைத்தது. ஜனவரி 15 அன்று பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமையின் வளாகத்தில் விழுந்து உணவும் மருந்தும் இருந்த கிடங்கு எரிந்தது. சிறுவர்கள் காலால் உதைத்த துண்டு நாட்கள் கழித்தும் புகைந்ததை மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. மறைப்புக்காகத்தான் வீசினோம் என்பது இஸ்ரேலின் வாதம். அந்த அமைப்பு திருப்பிக் கேட்டது நறுக்கென்ற கேள்வி: பாஸ்பரஸ் இல்லாத 155 மில்லிமீட்டர் புகைக் குண்டை இஸ்ரேலே தயாரிக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை? மாற்றுக் குண்டுக்கு மாறப்போவதாக 2013இல் இஸ்ரேலிய ராணுவம் சொன்னது. 2023 அக்டோபரில் காஸாவிலும் லெபனானிலும் அதே வெள்ளைக் கீற்றுகள் படங்களில் தெரிந்தன.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 1980இல் உருவான மரபு ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறை, தீ வைக்கும் ஆயுதங்களைப் பொதுமக்கள் மீது பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. ஆனால் தீ வைப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டதுதான் அந்த வகையில் சேரும். வெளிச்சம், புகை, சமிக்ஞை போன்ற வேலைக்கானவை தற்செயலாகத் தீ வைத்தால் அவை சேராது என்று வெளிப்படையாகவே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதாவது பெட்டியின் மேல் ‘புகை’ என்று எழுதியிருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. குண்டை வடிவமைத்தவரின் நோக்கத்தைக் கேட்கும் சட்டம், சுட்டவரின் நோக்கத்தைக் கேட்காமல் விடுவது எனக்கு விளங்காத நியாயம். 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜாவில் பதுங்குகுழியிலிருந்து ஆட்களை விரட்ட வெண் பாஸ்பரஸையும் வெளியே வந்தவர்களைக் கொல்ல வெடிகுண்டையும் சேர்த்து வீசியதை அமெரிக்கப் பீரங்கிப் படையின் இதழே 2005இல் எழுதியது. வெளிச்சத்துக்காக மட்டுமே பயன்படுத்தினோம் என்று முதலில் சொன்ன அரசு, அதன் பிறகு ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது.

2009இல் வன்னியில் நடந்ததைக் கேட்காமல் தமிழ் வாசகர் இந்த இடத்தைக் கடக்க மாட்டார். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, புதுக்குடியிருப்பைச் சுற்றியும் இரண்டாவது பாதுகாப்பு வலயத்திலும் கொத்துக் குண்டு அல்லது வெண் பாஸ்பரஸ் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. இலங்கை அரசு அதை மறுத்து, புலிகள்தான் வெண் பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள் என்றது. இந்தக் குற்றச்சாட்டுகள் பற்றி ஒரு முடிவுக்கு வர இயலவில்லை என்று குழு எழுதியது. காயங்களைப் பார்த்த மருத்துவமனைகளே எறிகணை வீச்சுக்கு உள்ளான இடத்தில், சாட்சியம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதையும் அதே அறிக்கையின் மற்றப் பக்கங்கள் காட்டுகின்றன.

சிவப்பு பாஸ்பரஸுக்கு மாறுவது ஒரு நடுவழி. புகை ஏறத்தாழ அதே தரம், தானாகப் பற்றாது, சிதறிய துண்டு மறுபடி பிடிக்கும் ஆபத்து குறைவு. டாங்கிகளின் பக்கவாட்டில் பூத்தொட்டிபோல இருக்கும் குழல்களிலிருந்து பாயும் சிறு குண்டுகளிலும் மோர்ட்டார் குண்டுகளிலும் இன்று இதுதான் பரவலாக இருக்கிறது. கிடங்கில் ஈரம் பட்டால் மெல்ல நச்சு வாயு விடும் என்பது அதன் குறை. தீப்பெட்டிக்காரர்கள் நூறு ஆண்டுக்கு முன் போட்ட அதே திருப்பத்தைப் பீரங்கிக்காரர்கள் தாமதமாகப் போடுகிறார்கள்.

இதற்குள் மறைக்க வேண்டிய கண்ணே மாறிவிட்டது. வெப்பம் காணும் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துளிக்கூட்டம் அதற்குச் சன்னல் கண்ணாடி மாதிரி. பாஸ்பரஸ் புகை சூடாக இருக்கும் முதல் சில நொடிகள் மட்டும் அந்தக் கேமராவைக் குழப்பும். வேடிக்கை பாருங்கள், இத்தனை காலம் வேண்டாம் என்று விரட்டிய சூடு இங்கே உதவிக்கு வருகிறது. அது ஆறியதும் பின்னால் நிற்கும் டாங்கியின் இன்ஜின் பளிச்சென்று தெரியும். அதனால் பித்தளைச் சீவல்களையும் கிராஃபைட் துகள்களையும் காற்றில் தூவும் குண்டுகள் வந்தன. அமெரிக்க டாங்கிகளின் எம்76 குண்டு பித்தளை ரகம். இவை எரிவதே இல்லை. புகை என்று பெயர், உண்மையில் மிதக்கும் உலோகத் தூசு. நெருப்பு ஒருவழியாக ஒழிந்தது. ஆனால் பித்தளை கனமானது, சீக்கிரம் கீழே இறங்கிவிடும். ஏவுகணை ஒன்று குறி தவறுவதற்குத் தேவையான சில நொடிகளுக்குப் போதும். படையொன்று ஆற்றைக் கடக்கும் வரை தாங்காது.

ஆற்றைக் கடப்பது 2022 மே மாதத்திலும் அதே பழைய பிரச்சினைதான். உக்ரைனின் பிலோஹோரிவ்கா அருகே சிவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றில் ரஷ்யப் படை மிதவைப் பாலம் போட முயன்றது. வயல்களுக்குத் தீ வைத்தார்கள், புகைக் குண்டுகளையும் வீசினார்கள், கரை மூட்டமாகிவிட்டது. எங்கே கடப்பார்கள் என்பதைக் கணிக்க வேண்டிய உக்ரைன் பொறியாளர் தன் ஆட்களிடம், பார்க்க வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். மிதவைத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்க மோட்டார் படகுகள் தள்ள வேண்டும், அந்தச் சத்தத்துக்காகக் காத்திருங்கள் என்று. சத்தம் கேட்டது. அடுத்து பீரங்கிகள் திரும்பின. சில நாள் கழித்து ட்ரோன்கள் எடுத்த படங்களில் உடைந்த பாலமும் கரை நெடுக எரிந்த பல பத்து வண்டிகளும் தெளிவாகத் தெரிந்தன.